டிரிப்பிங் விட்ட கிழங்கு

திருமழிசை
24-4-1944

அன்புள்ள நாகவல்லிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் சொல்ல வந்ததற்கு இடம் போதாது. சொல்ல வந்தது கிழங்கைப் பற்றி.

பள்ளியின் கடைசி நாளன்று உன் நைனா உன்னை அழைத்துப்போக வந்தபோது பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தாரே, அந்த உருளைக்கிழங்கு! நீ, நான், வடிவு, இன்னும் மூன்று பேர், விடுதிக் கிணற்றடியில் உட்கார்ந்து டின்னின் அடி தெரியும்வரை தின்றோம். கடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேல்தோடு முழுக்கச் சின்னச் சின்னப் பொருக்குகள். உள்ளே மாவு மாதிரி, ஆவி அடங்காமல். வீட்டுக்கு வந்தும் விரலை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதை நானே செய்துவிடலாம் என்று நினைத்தது என் கர்வம். அம்மாவிடம் கெஞ்சி, பூந்தமல்லிச் சந்தையில் கிழங்கு வாங்கிவரச் செய்தேன். "சீமைக் கெழங்கு வாயுடீ" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். கூடையின் அடியில் ஒன்று அழுகியிருந்தது தெரியாமல் கையை விட்டுவிட்டேன். விரல்கள் உள்ளே போய்விட்டன. கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. செத்த எலியை நனைத்து வைத்தால் அப்படி நாறுமோ என்னவோ. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அன்று சோற்றை இடது கையால் தின்னலாமா என்று யோசித்தேன்.

மிச்சம் இருந்ததை வட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டேன். பொன்னிறமாக வந்தது. ஆனால் எடுத்துத் தட்டில் வைத்ததும் தொளதொளவென்று மடங்கிப் போயிற்று, மழைக்குப் பிறகு சுவரில் ஊர்கிற அட்டை மாதிரி. வாயில் போட்டால் சோப்பு. கடித்தால் எண்ணெய் கசிந்து மோவாயில் இறங்குகிறது. எங்கள் நாய் மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போய்விட்டது. அதற்குமேல் எனக்கு என்ன அவமானம் வேண்டும்?

ஆகையால் செய்முறையை ஒன்றும் விடாமல் எழுது. ஜூனில் நாம் எட்டாம் வகுப்பு. அதை முடித்ததும் நீ ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்விடுவாய். பெரிய டீச்சர் இப்போதே உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?

உன் தோழி,
தாட்சாயிணி


கோவில்பதாகை
30-4-1944

தாட்சாயிணி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாய் தும்மிய இடத்தில் சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

நீ ஆசைப்படுகிற கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இப்படி ஆசைப்பட மாட்டாய். நைனா ஆவடிப் பட்டாள முகாமில் சமையல்காரருக்குக் கையாள். அம்மாவும் நானும் பாத்திரம் கழுவப் போகிறோம். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் இருக்கிறது. சிப்பாய்கள் தட்டில் மிச்சம் வைத்ததை அதில்தான் கொட்டுகிறோம். ரொட்டி, கஞ்சி, எலும்பு, தேயிலைச் சக்கை எல்லாம் ஒன்றாகக் கலந்து வெயிலில் நுரைத்துக்கொண்டிருக்கும். பாதி தின்ற கிழங்கின்மேல் சிகரெட்டை நசுக்கி அணைக்கிறார்கள். முந்தாநாள் ஒரு கட்டுப்பல் கிடந்தது. அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. பன்றி வளர்க்கிறவர் வந்து பீப்பாயைத் தூக்கிப்போகும்போது தெருவே மூக்கைப் பொத்திக்கொள்கிறது. எங்கள் வீட்டிலும் இந்த மாதம் கூப்பன் அரிசியில் புழு. ஆனால் அந்தப் பீப்பாயைப் பார்த்த பிறகு புழு பரவாயில்லை என்று தோன்றுகிறது.

கையில் ஏறிய நாற்றம் போகமாட்டேன் என்கிறது. சோறு பிசைந்தால் சோற்றிலும் அதுதான். எட்டாவது முடித்து, பயிற்சி முடித்து, சாக்பீஸ் வாசனை மட்டும் இருக்கிற கையோடு உட்கார்ந்து ஒரு நாள் சாப்பிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

இனி செய்முறை. கிழங்கைத் தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டு. வட்டமாக வெட்டாதே. உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு. ஓரம் மட்டும் கரையத் தொடங்க வேண்டும். பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தோடு குலுக்கு. கிழங்கின் மேலெல்லாம் பழந்துணி நைந்த மாதிரி ஆகும். அந்த நைந்த இடம்தான் பிறகு பொருக்காகிறது. நன்றாக டிரிப்பிங் விட்டு, புகையக் காய்ந்த சட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூடி, மூடிமேல் தணலை வாரிப் போடு. மேலும் கீழும் நெருப்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை புரட்டு. அவ்வளவுதான்.

நாகவல்லி


திருமழிசை
7-5-1944

அன்புள்ள நாகவல்லிக்கு,

கட்டுப்பல்லைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிட முடியவில்லை. ஆனாலும் கிழங்கு ஆசை போகவில்லை. இது என்ன மனசோ!

நீ எழுதியபடியே செய்தேன். வெட்டினேன், வேகவைத்தேன், குலுக்கினேன். நைந்த துணி என்றாயே, அப்படியே ஆயிற்று, பார்த்ததும் துள்ளினேன். உடனே அள்ளிச் சட்டியில் போட்டேன். சடசடவென்று வெடித்தது. எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம். மூடி, தணல் போட்டு, திறந்தால் உள்ளே ஒரே ஆவி. கிழங்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி, அடியில் தீய்ந்து, மேலே வெளுத்து, இருமிக் காறிய கோழை மாதிரி இழுபட்டது. மன்னித்துக்கொள், வேறு உவமை வரவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, "கோடாலித் தைலம் காய்ச்சுறியா?" என்று கேட்டார்.

எதை விட்டேன்? எங்கே தவறு?

தாட்சாயிணி


கோவில்பதாகை
10-5-1944

தாட்சாயிணி,

கார்டில் எழுதுகிறேன், கவர் இல்லை. நீ டிரிப்பிங் விட்டாயா? உன் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அது விடாமல் போட்டால் கூழ்தான் கிடைக்கும். நைனா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "டிரிப்பிங் உடாம இன்னா ரோஸ்ட்டு? அதுலதானே கீது அம்மாஞ் சூட்சுமமும்!" என்கிறார். நிதானமாக, நிறைய விட வேண்டும். அவசரப்பட்டால் மொறுமொறுப்பு வராது.

நாகவல்லி


திருமழிசை
15-5-1944

நாகவல்லி,

டிரிப்பிங் என்றால் என்ன என்று பார்த்துவிட்டேன்.

அந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது. உன் முதல் கடிதத்தில் அது வந்தபோது ஏதோ பட்டாளத்துப் பேச்சு என்று தாண்டிப் போய்விட்டேன். உன் கார்டு வந்த பிறகு, தெரியாத சொல்லைத் தெரியாமல் விடக்கூடாது என்று அண்ணனின் அகராதியை எடுத்தேன். அதில் என்ன இருந்தது தெரியுமா? "நெருப்பில் வாட்டப்படும் இறைச்சியிலிருந்து ஒழுகும் கொழுப்பு." அகராதி தவறாக இருக்கலாம் என்று மனையியல் டீச்சர் விடுமுறைக்குக் கொடுத்த சமையல் புத்தகத்தையும் பார்த்தேன். உருளைக்கிழங்குப் பாடத்திலேயே இருக்கிறது: மாட்டிறைச்சி டிரிப்பிங். அதில்தான் மொறுமொறுப்பு நன்றாக வருமாம்.

நிறைய விட வேண்டும் என்றாய். நிதானமாக விட வேண்டும் என்றாய்.

கொல்லைக்கு ஓடினேன். காலையில் தின்றது எல்லாம் வந்துவிட்டது. தின்று மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி வாந்தியில் எங்கே வரப்போகிறது என்று புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. விரலை மோந்து மோந்து பார்த்தேனே, அந்த விரலை என்ன செய்வது? சாம்பல் போட்டு நாக்கைத் தேய்த்தேன். ரத்தம் வந்தது. இன்னும் அண்ணத்தில் ஏதோ மெழுகு மாதிரி ஒட்டியிருப்பதாகத் தோன்றுகிறது.

அம்மா வந்து என்னவென்று கேட்டாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வந்தார். வேறு யார் யார் தின்றார்கள் என்று கேட்டார். வடிவு பெயரையும் மற்ற மூவர் பெயரையும் சொன்னேன். கோவிலிலிருந்து பஞ்சகவ்யம் வாங்கிவந்து, மூக்கைப் பிடித்து என்னைக் குடிக்க வைத்தார்கள். சாணியும் கோமியமும் புளித்த தயிரும் தொண்டையில் கட்டி கட்டியாக இறங்கிற்று. அதுவும் வெளியே வந்தது. மறுபடியும் கொடுத்தார்கள். கிழங்கு வறுத்த சட்டியைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை நீ? தெரிந்தே கொடுத்தாயா? அது உண்மைதானா? உடனே எழுது.

தாட்சாயிணி


கோவில்பதாகை
25-5-1944

தாட்சாயிணிக்கு,

நீ உடனே எழுதச் சொன்னாய். நான் எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரிய டீச்சரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது.

ஐந்து பெண்களின் அப்பாக்களும் சேர்ந்து போய் நின்றார்களாம். நான் விடுதியில் இருந்தால் தங்கள் பெண்களை நிறுத்திவிடுவோம் என்றார்களாம். விஷயம் அடங்கும்வரை நான் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று பெரிய டீச்சர் எழுதியிருக்கிறார்கள். "எல்லோருக்கும்" என்ற சொல்லை நான் பத்துத் தடவை படித்தேன். அதில் நான் இருக்கிறேனா என்று பார்த்தேன்.

உன் கடிதத்தில் ஒரு வரிசை இருக்கிறது, கவனித்தாயா? முதலில் அகராதி. அப்புறம் வாந்தி. அப்புறம் அம்மா, அப்பா, பெயர்கள். எல்லாம் முடிந்து சட்டியும் உடைந்த பிறகு, கடைசி வரியில், உண்மைதானா என்று என்னைக் கேட்கிறாய். தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுகிறாய். அதனால் நான் சொல்லப்போவதில்லை. அது என்ன என்று உன் அகராதியே சொல்லட்டும்.

இது மட்டும் கேட்கிறேன். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் ஆட்டுக்குடல் கழுவியதை நீதானே வகுப்பில் நடித்துக் காட்டினாய்? குச்சியால் திருப்பி, உள்ளே இருந்த பச்சையை வழித்து எறிந்ததை. குழம்பில் மிதந்த கொழுப்பை முதலில் அள்ளிக்கொள்ள அண்ணனோடு சண்டை போட்டதை. அன்றைக்கு உனக்குக் குமட்டவில்லை. மாட்டின் பின்பக்கத்திலிருந்து வந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய், அது சுத்தம். எனக்குக் கணக்கு நன்றாக வரும், ஆனால் இந்தக் கணக்கு வரவில்லை.

இப்போது தினமும் பீப்பாய்க்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஜூனிலும் இங்கேயே நிற்பேன் போலிருக்கிறது.

நாகவல்லி


திருமழிசை
2-6-1944

என் அன்புள்ள நாகவல்லி,

நல்ல செய்தி! மிக மிக நல்ல செய்தி! உன் நைனா நேற்று வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்!

மாலையில் அப்பாவும் அடுத்த வீட்டுத் துலுக்கானம் மாமாவும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். உன் நைனா காக்கி அரைக்கால் சட்டையோடு, கையில் எண்ணெய் டின்னோடு வந்து தெருவில் நின்றார். மாமா அவரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாடா வேம்புலி, பட்டாளத்துல பூந்து தொர ஆயிட்டியா? எங்க ஊட்டுப் பொண்ணுங்க வாயில மாட்டுக் கொயுப்ப வெச்சிட்டியே!"

"கொயுப்பு இல்ல ஆண்டே. அது தண்ணி."

"இன்னாது?"

"தண்ணி ஆண்டே. கெயங்க வேவிச்சி, குலுக்கி, துணியில மூட்ட கட்டித் தொங்க உட்டுடுவோம். ஈரம் சொட்டு சொட்டா எறங்கும். எங்க மேஸ்திரி நின்னுகினு 'டிரிப்பிங், டிரிப்பிங்'னு கத்துவான். நானும் அதயே சொல்லிகினு கீறேன். ஊட்லயும் அப்டியே சொல்லிப் பயகிட்டோம்."

"அப்போ எண்ண?" என்று அப்பா கேட்டார்.

"நம்ம கடலெண்ணதான். சட்டியில எண்ண ஊத்தணும்னு யாருக்குத் தெரியாது, அத எய்தலயாம் எம் பொண்ணு. இதோ டின்னு. மோந்து பாருங்க."

"வெச்சிட்டு அப்பால போ" என்றார் அப்பா. உன் நைனா டின்னைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். மாமா ஒரு குச்சியால் மூடியைத் தள்ளி, குனிந்து மோந்தார். "அட, கடலெண்ணதான்யா! அந்தப் பொண்ணு தண்ணி வடிய உடுன்னா, இந்தப் பொண்ணு கொயுப்ப ஊத்துன்னு படிச்சிட்டா. இங்கிலீசு படிக்க உட்டா இப்டித்தான்" என்று சிரித்தார். என்னையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்கள். மோந்தேன். எங்கள் வீட்டு எண்ணெய் வாசனைதான்!

நீ "டிரிப்பிங் விட்டு" என்று எழுதியிருந்தாய். நீ சொன்ன விடுதல் வடிய விடுதல். நான் படித்த விடுதல் ஊற்றுதல். ஒரு சொல்லால் வந்த வினை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அண்ணத்தில் ஒட்டியிருந்த மெழுகு அந்த நிமிஷமே போய்விட்டது. நான் எதையும் தின்னவில்லை! நாம் யாரும் எதையும் தின்னவில்லை! வடிவு வீட்டுக்கு நானே ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா பெரிய டீச்சரிடம் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிடுகிறாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது. நீ வந்துவிடு. மறுபடியும் கிணற்றடியில் உட்காரலாம்.

மகிழ்ச்சியோடு,
தாட்சாயிணி


கோவில்பதாகை
7-6-1944

தாட்சாயிணிக்கு,

நைனா போனது எனக்குத் தெரியாது. முகாமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். டின்னை மூலையில் தள்ளி வைத்தார். அதில் மிச்சம் இருந்த எண்ணெயை எங்களில் யாரும் தொடவில்லை. குச்சி பட்ட டின்.

வெள்ளைக்கார மேஸ்திரி எதிரில்கூட எங்கள் நைனா நிமிர்ந்து நின்று "யெஸ் சார்" என்றுதான் சொல்வார். உங்கள் தெருவில் அவர் வாயில் "ஆண்டே" வந்ததாக நீ எழுதியிருக்கிறாய், ஒரு தடவை அல்ல. அதை எழுதும்போது உன் பேனா நிற்கவே இல்லை. நடுவில் ஆச்சரியக்குறிகள் வேறு போட்டிருக்கிறாய். நான்கு தடவை படித்தேன். பீப்பாயில் கையை விட்டால்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

நீ எதையும் தின்னவில்லை என்று ஓடிப்போய்ச் சொன்னாயாம். கிழங்கை யார் வேகவைத்தது, யார் குலுக்கியது, யார் விடிவதற்கு முன் எழுந்து உனக்காகத் தணல் போட்டது என்பதெல்லாம் போய், எதையும் தின்னவில்லை.

அது கொழுப்பாகவே இருந்திருந்தால்? எங்கள் தெருவில் அதில் சமைக்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டிலும் சில நாள் உண்டு. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அப்போது நான் பள்ளிக்கு வரலாமா, கூடாதா? கடலை எண்ணெயாக இருந்ததால்தான் நான் படிக்கலாமா?

பெரிய டீச்சர் மறுபடியும் எழுதிவிட்டார்கள். வரலாமாம். ஆனால் கொஞ்ச காலத்துக்குச் சாப்பாடு மட்டும் பின்கட்டு வராந்தாவில், தனியாக, என் தட்டு வேறாக. பெற்றோர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்களாம். கொழுப்பு இல்லை, தண்ணீர்தான் என்று ஆகிவிட்டதே. பிறகு என் தட்டு ஏன் வராந்தாவில்? நீ வீட்டில் கேட்டு எழுது. அகராதியைப் பார்க்காதே. உன் அப்பாவைக் கேள்.

நாகவல்லி


திருமழிசை
13-6-1944

நாகவல்லி,

கேட்டேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டிரிப்பிங் தண்ணீர்தானே அப்பா, நாகவல்லி தட்டு ஏன் தனியாக?" என்றேன். அவர் நிமிரவில்லை. "கொழுப்பு இல்லேன்னா சரி. அதுக்கு?" என்றார். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "எண்ண நம்ம எண்ணதாண்டீ. கை யாரு கை?" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், குரல்கூட ஏறவில்லை, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. "நீ அந்த டின்னுல கைய உட்டுத் தின்னதே தப்பு. இன்னா கெழங்கா இருந்தா இன்னா" என்றாள். அப்பா ஏப்பம் விட்டார்.

அப்போது எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு அந்த ஆங்கிலச் சொல் தேவையே இல்லை. நான்தான் அதைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தேன். பஞ்சகவ்யம் கொழுப்புக்காகக் கொடுத்தது அல்ல.

பிறகு என் மோர்ச்சோற்றைப் பார்த்தேன். விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. அப்பா மீசையில் ஒரு பருக்கை. அம்மா அவர் எச்சில் இலையை எடுத்து, அதிலேயே தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "ஏன் அப்படிப் பேசுகிறீர்கள்? அவள் நைனா உங்களை என்ன செய்தார்?" என்று கேட்டேன். "இனி ஒரு பேச்சுப் பேசினா பள்ளிக்கூடம் கெடையாது" என்றார் அப்பா. நான் பயந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன். இதையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். கொழுப்பாகவே இருந்திருந்தால் நீ பள்ளிக்கு வரலாமா? வரலாம். வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை இங்கே எழுதும்போதே என் தொண்டையில் ஏதோ ஏறுகிறது. அதை நிறுத்தத் தெரியவில்லை. புத்தி ஒன்று சொல்கிறது, நாக்கு ஒன்று சொல்கிறது. நாக்கைப் பற்றி எனக்கு வெட்கமாக இருக்கிறது, அருவருப்பாக இருக்கிறது. உன் நைனாவைப் பற்றி ஆச்சரியக்குறி போட்டு எழுதிய கையைப் பற்றி அதைவிட.

தயவுசெய்து பள்ளிக்கு வா. எனக்காக அல்ல. நீ வராவிட்டால் உன் கை அந்தப் பீப்பாயோடு போய்விடும். நான் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருகிறவள்தானே. எங்கே உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது. நீ உட்காருகிற இடத்தில் உட்காருகிறேன்.

தாட்சாயிணி


பள்ளி, எட்டாம் வகுப்பு
22-6-1944

தாட்சாயிணிக்கு,

உன்னிலிருந்து இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். பூகோள டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருக்கிறார். நீ அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாய். பார்க்காதே, இருவருக்கும் திட்டு விழும். பேச வேண்டியதை வாயால் பேச இன்னும் எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வந்தது உனக்காக அல்ல, உன் அப்பா ஆட்சேபம் இல்லை என்றதற்காகவும் அல்ல. அவர் ஆட்சேபம் சொன்னாலும் வந்திருப்பேன். அம்மா, "வராந்தாவுல குந்தித் தின்னாலும் படிப்பு உள்ளதானே ஏறும், போடீ" என்றாள். வந்துவிட்டேன்.

வராந்தா எப்படி இருக்கிறது என்று நேற்று நீயே பார்த்தாய். கழுவு தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கழுநீர் ஓடுகிற கால்வாயில் முந்தாநாள் பருப்பு ஊறிப் புளித்துக் கிடக்கிறது. ஈ. நான் பீப்பாய்க்குப் பழகினவள், சாப்பிட்டுவிடுவேன்.

நீ டிபன் தூக்கோடு வந்தாய். ஜன்னலில் வடிவும் மற்றவர்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருத்தி "ஏய், அங்கே பார்டீ" என்றது எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்டிருக்கும். நீ நகரவில்லை. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஈரத் தரையில் என் எதிரில் உட்கார்ந்தாய். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்காதே.

அப்புறம் என் தட்டில் இருந்த கத்தரிக்காயை உன் பக்கம் தள்ளினேன். விடுதிக் கத்தரிக்காய்தான், விடுதி எண்ணெய்தான், விடுதி ஆயா சமைத்ததுதான். தள்ளியது மட்டும் என் கை. நீ எடுத்தாய். வாயில் போட்டாய். மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து குடிப்பது மாதிரி விழுங்கினாய். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

உன் முகத்தில் இருந்தது அருவருப்பு. எனக்கு அதை நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிற முகம். அது கால்வாயின் மேலா, ஜன்னலில் நின்றவர்கள் மேலா, உன் மேலா, என் கை மேலா என்றுதான் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் இந்தத் தடவை நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் என் எதிரில் உட்கார்ந்து நேர்த்திக்கடன் கழிக்கிற மாதிரி ஒருத்தி தின்பதை இன்னொரு நாள் பார்க்க என்னால் முடியாது. அதைவிட ஈயோடு தனியாகத் தின்றுவிடுவேன்.

மணி அடிக்கப் போகிறது. இதை வடிவு வழியாக அனுப்ப மாட்டேன். எழுந்து போகும்போது உன் பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறேன். படித்துவிட்டு யோசி. நாளைக்கு வராவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வருவதானால் பசியோடு வா.

நாகவல்லி